குறை அந்த முகத்தில் இல்லை

நிக்டி, புனே

அன்புள்ள அம்மாவுக்கு அமலாவின் வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நலம்.

நேற்று ஒரு தமிழ்க் கல்யாணத்தில் வீடியோ எடுத்தேன். மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. இங்கே எனக்குத் தெரிந்த ஒரே தமிழரான ஸ்டுடியோ முதலாளி கௌஷிக் வாங்கிய புதுக் கேமராவில் மணப்பெண்ணின் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "பொண்ணு கறுப்பு, கேமரா என்ன பண்ணும்?" என்று அவள் காதுபடவே சிரித்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குறை அவங்க முகத்துல இல்ல சார், உங்க கேமராவோட சென்சார்ல! மெகாபிக்சலை யாரு கேட்டா? மங்கின வெளிச்சத்துலயும் எல்லா நிறத்தையும் உள்ளபடி பிடிக்கிற சென்சார்தான் எங்களுக்கு வேணும்!" என்று கத்திவிட்டேன்.

அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கவலைப்படாதே, வேறு கிடைக்கும். ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

என் பழைய கேமரா ட்ரைபாடைப் பார்சலில் அனுப்பு. ஃபோன் பண்ணினால் உடனே வைத்துவிடாதே. இனி இங்கே தமிழில் சண்டை போடக்கூட எனக்கு ஆளில்லை.

அவசரமாக,
அமலா