மொட்டைப் பாறையில் ஒரு காடு

மார்ச் 4
என் புருஷன் டார்சி மேற்கே சுரங்க வேலைக்குப் போய் இன்றோடு இரண்டு வருடம். முப்பது வருடம் அவன் மூழ்கிச் சிப்பி எடுத்த எங்கள் தாஸ்மானிய விரிகுடா இப்போது மொட்டைப் பாறை. கடல் சூடேறி, அடியிலிருந்து மரம்போல் வளரும் கெல்ப் பாசிக்காடு செத்துப்போனது. புருஷனும் போய்விட்டான்.

கடலை ஆராயும் பல்கலைக்கழகத்து இமோஜனுக்கு நான் படகோட்டுகிறேன். இன்று நீரோட்டம் அறிய, அந்தப் பாறைக்கு மேலே தண்ணீரில் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்த்தாள். நான்கே நிமிடம், மொத்தமும் தெற்கே ஓடிவிட்டது. “தடுக்க ஒண்ணுமில்லன்னா தண்ணி நிக்காது மெர்ல். சிப்பிக்குஞ்சும் அதோட போயிடும்.”

மே 19
முந்நூறு கெல்ப் நாற்றுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். விரல்கள் மரத்துவிட்டன. போனில் டார்சியிடம் சொன்னேன்.
“செத்த காட்டுக்குச் சோறு ஊட்டுறியா? வீட்ட வித்துட்டு இங்க வந்துடு.”
போனை வைத்துவிட்டு நாளைய கயிற்றைச் சுருட்டினேன்.

ஆகஸ்ட் 2
புயல். நாற்றில் பாதி போய்விட்டது.

ஆகஸ்ட் 3
ஏன் எனக்கு இந்தப் பிடிவாதம்? — காடு இருந்தபோது, டார்சி மூழ்கி மேலே வந்ததும் படகைப் பாசித்தண்டில் கட்டிவிட்டு ரொட்டி தின்போம். வெளியே கடல் கொந்தளிக்கும். உள்ளே படகு அசையாது. பேச்சே இருக்காது. அது வேணும் எனக்கு. அவ்வளவுதான். வேற என்ன கேட்டேன்?

டிசம்பர் 11
மிஞ்சிய பாசி மேல்மட்டம் வரை வளர்ந்துவிட்டது. மறுபடி சாயம். நீரோட்டம் காட்டின் ஓரத்தில் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போனது. உள்ளே நுழைந்த சாயம் தயங்கித் தயங்கி நின்றது. இருபது நிமிடம்! இமோஜன் கத்தினாள்.

மாலை போனில் டார்சி.
“இருபதா? நல்லாப் பாத்தியா?”
“கடிகாரம் வெச்சுப் பாத்தேன்டா.”
“அப்புறம் எந்தப் பக்கமாப் போச்சு?”
“பெரிய பாறையச் சுத்தி.”
“ஆமா… காடு இருந்தப்பவும் அப்படித்தான் போகும்.”
வா என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 12
போன் இல்லை.

டிசம்பர் 20
இல்லை.

ஜனவரி 30
நேற்று வந்து இறங்கிய டார்சிக்குப் பழைய முக்குளிப்பு உடை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. “சுரங்கத்துச் சாப்பாடு அப்படி. சிரிக்காம இழு!” என்றான். முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தேன். தோளில் கிழிந்தது. நாளை இருவரும் ஹோபார்ட் நகரத்துக்குப் போய்ப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்.