கதவைப் பார்த்து நின்றவருக்கு

என் அன்புள்ள, பயந்த முதலாளிக்கு,

இல்லை, வேலையை இன்னும் விடவில்லை. ஸ்காபரோவில் நீங்கள் திறந்த அதே மருந்துக்கடை. மருந்து கொடுக்கும் இடத்தில் அதே மரமேடை. கடை திறக்க நேரமிருக்கிறது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் இறுதிச் சடங்கில் எல்லோரும் அந்த மேடையைத்தான் புகழ்ந்தார்கள். அமெரிக்கச் சிற்றூரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, எல்லை தாண்டி ரொறன்ரோ வரை கடைகள் திறந்தவர். மருந்து கொடுப்பவரை மக்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கடையிலும் மேடை கட்டியவர். பத்திரிகைகளுக்கு நீங்களே சொன்ன கதை. நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் உங்கள் தலை வாசல் பக்கம் இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் கதவுக்கு முதுகு. உங்களுக்குப் பிடிக்காதே. யாரிடம் சொல்வது?

நினைவிருக்கிறதா? என் முதல் குளிர்காலம். மாத்திரை எண்ணும் தட்டை நான் இடம் மாற்றியிருந்தேன்.

"மிஸ், நீயும் கதவைப் பார்த்துத்தான் நிற்கிறாயா?" என்று கேட்டீர்கள்.

கொழும்பில், சிறு வயதில், கலவரத்தில் எங்கள் வீட்டுக் கதவை உடைத்தார்கள் என்றேன். அப்போதுதான் சொன்னீர்கள். உங்கள் முதல் கடை. பட்டப்பகல். வாசலுக்கு முதுகு காட்டி மருந்து அரைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவன் பின்மண்டையில் போத்தலால் அடித்து, மார்ஃபினை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த கடையில் தச்சரிடம் தரையை உயர்த்தச் சொன்னீர்கள், உள்ளே வருகிற எல்லோரையும் பார்ப்பதற்கு. பிறகு எல்லாக் கடைகளிலும்.

"அது என் பயம், மிஸ். மரியாதை என்று பெயர் வைத்தேன். நன்றாக விற்றது."

சிரித்தீர்கள். கண் மட்டும் கதவில்.

நேற்று மாலை ஒருவன் வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. மேடையைப் பார்த்தான். என் தோலைப் பார்த்தான்.

"உனக்கு மேலே என்ன வேலை? இறங்கு."

நான் அசையவில்லை. துணிவு அல்ல, கால் வரவில்லை. இருமல் மருந்துப் போத்தல்களைக் கையால் வழித்துத் தரையில் தள்ளினான். "நாளைக்கும் வருவேன். கீழே நிற்க வேண்டும்."

பொலிஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார்.

இன்று காலை, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் என் சப்பாத்தை அண்ணை எடுத்து ஒளித்துவைத்தார்.

"உந்த வேலையை விடு. நீயென்ன அம்மன் சிலையே, உயரத்தில நிண்டு காட்சி குடுக்க?"

"பூசைக்கு ஆள் வருது, அண்ணை."

"பகிடி விடாதை. நான் பயத்தில சொல்லுறன்."

"நானும் பயத்திலதான் பகிடி விடுறன்."

சப்பாத்தைத் தந்தார்.

மேடையில் நின்றால் எல்லோரையும் பார்க்கலாம். எல்லோரும் நம்மையும் பார்ப்பார்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் நிறத்துக்கு அந்த யோசனை தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் இதைக் கட்டியது பயந்த ஒரு மனிதர். பயமறியாதவர் கட்டியிருந்தால், இன்று இதில் ஏற எனக்கு மனம் வந்திராது.

பயம் போய்விடும் என்று வாக்குத் தர முடியாது. அவன் சொன்னதற்காக இறங்க மாட்டேன். அவ்வளவுதான் தர முடிந்த வாக்கு.

பயத்தின் வழியில் உங்களுக்கு மகள் முறையான,
ரஞ்சினி

கடிதத்தை வெள்ளைக் கோட்டின் பைக்குள் வைத்தேன். விளக்குகளைப் போட்டேன். தாழ்ப்பாளை நீக்கினேன். மேடையில் ஏறி, கதவைப் பார்த்து நின்றேன்.