ஆறுதல் சொல்லப் போனவள்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். மின்விசிறி நேராக என் தலைக்கு மேல். குறைக்கச் சொல்லிக் கையைத் தூக்கினேன். துயரப்படுகிறவர்களின் வீடுகளுக்குப் போய்த் துணையாக இருக்க யார் வருகிறீர்கள் என்று அந்த நேரம் பார்த்துப் பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். "மெற்றில்டா ரீச்சர், சந்தோசம்" என்று பேரை எழுதிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கைதட்டல் பிடித்தும் இருந்தது. இந்த டயறியிலாவது பொய் எழுதக் கூடாது.

பெப்ரவரி 8, சனி

ஆறுதல் குழுவுக்குப் பயிற்சி. "கதைக்கிறதை விடக் கேக்கிறதுதான் முக்கியம்" என்றார் வந்திருந்த சிஸ்டர். கொப்பியில் எழுதி மூன்று தரம் கோடு கீறினேன். பிறகு பக்கத்திலிருந்த இரத்தினம்மாவுக்கு என் முழங்கால் நோவைச் சொல்லிக்கொண்டிருந்ததில் மிச்சப் பயிற்சி காதில் விழவில்லை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் கதைத்தவள். என்னைப் போய்க் கேட்கச் சொன்னால்?

எனக்குக் கிடைத்தது வெள்ளவத்தையில் ஒரு வீடு. லவினா, றமேஷ் என்று இளம் தம்பதி. டிசம்பரில் எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. முதல் பிள்ளை. லவினாவின் தாய் முன்பு எங்கள் கொட்டாஞ்சேனைப் பங்கில் இருந்தவர், இப்போது மகனோடு கனடாவில். யாராவது போய் என் மகளைப் பாருங்கள் என்று சுவாமியிடம் போனில் அழுதாராம்.

பெப்ரவரி 13, வியாழன்

போனேன். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், வேத வசனம் நான்கு மனப்பாடம் செய்தேன்.

லவினா தலை வாரவில்லை. செற்றியின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி இருந்தாள். நான் தொடங்கினேன். கடவுளுக்கு ஒரு சம்மனசு, ஒரு குட்டித் தேவதை தேவைப்பட்டிருக்கும், உங்களுக்கு வயசு கிடக்கிறது, இன்னொன்று பிறக்கும்... நான்கு வசனத்தையும் சொல்லி முடித்தேன். கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"கடவுளுக்கு வேற வீட்டில பிள்ளை கிடைக்கேல்லையா ரீச்சர்?"

எழும்பி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

நான் உடனே எழும்பி வந்தேனா? இல்லை. றமேஷ் பற்றிஸ் கொண்டுவந்து வைத்தான். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கடதாசியில் சுற்றித் தந்தான். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 14

பிள்ளை பெறாதவள். கலியாணமே கட்டாதவள். எந்த வாயால சொன்னனான், இன்னொண்டு பிறக்கும் எண்டு?

பெப்ரவரி 16, ஞாயிறு

என் பேரை வெட்டிவிடச் சொல்லிச் சுவாமியிடம் போனேன். அங்கே என்ன கதைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "அந்தப் பிள்ளையிட்டப் போய் மன்னிப்புக் கேட்டிட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு வெட்டுவம்."

பெப்ரவரி 20, வியாழன்

வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வாங்கோ என்று லவினா சொல்லவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. போய் இருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை. பல்கனிக் கொடியில் உடுப்புகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. எடுத்து வந்து மடித்தேன். அரை மணித்தியாலம் அப்படியே போனது. அந்த மௌனம் தாங்காமல் வாயில் வந்ததைக் கேட்டேன்: "பிள்ளைக்குப் பேர் வச்சனீங்களா?"

கேட்டதும் பயந்துபோனேன். திரும்பவும் கதவு பூட்டப்படும் என்று நினைத்தேன்.

"ஜெசிந்தா" என்றாள். "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை ரீச்சர்."

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவள்தான் கதைத்தாள். பிள்ளைக்கு நிறையத் தலைமயிராம். கொஞ்ச நேரம்தான் கையில் கொடுத்தார்களாம். வருகிறவர்கள் எல்லாம் மறந்துவிடு என்கிறார்களாம். நடுவில் மூன்று தரம் எனக்கு ஒரு வசனம் ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், உண்மையாகவே. இப்போது தேத்தண்ணீர் பட்டால் எரிகிறது.

அவள் வார்ட்டில் இருக்கும்போதே றமேஷ் தனியாகப் போய்ப் பொறளைச் சேமக்காலையில் அடக்கம் செய்திருக்கிறான். சிலுவை நட்டிருக்கிறதாம். என்னைக் கூட்டிப்போங்கள் என்றால் ஒவ்வொரு தரமும் ஏதோ சாட்டுச் சொல்கிறானாம்.

என்ன மனுசன் இவன்?

பெப்ரவரி 27, வியாழன்

றமேஷுக்குக் கொடுக்க நல்ல ஏச்சு ஒன்று தயார் செய்துகொண்டு போனேன். திரும்பும்போது என்னை பஸ் ஏற்றிவிடக் காலி வீதி வரை வந்தான். தொடங்கினேன். நான் இரண்டு சொல்லு ஏசுவதற்குள் பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் இருந்துவிட்டான்.

"எனக்கு இடம் தெரியாது ரீச்சர்."

அன்றைக்கு நல்ல மழையாம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திறீவீலில் போயிருக்கிறான். குழி வெட்டினார்கள், மூடினார்கள், அவன் நின்றான். எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை, ஒன்றும் மனதில் பதியவில்லை. சிலுவை நடவும் இல்லை. ஆஸ்பத்திரியில் லவினா கேட்டபோது, நட்டாயிற்று என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பயம். "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று என் இரண்டு கையையும் பிடித்தான்.

பக்கத்தில் படியிலேயே இருந்தேன். என் பஸ் போனது. அடுத்ததும் போனது.

அவன்ர பிள்ளையும்தானே அது. அவன் கையால பற்றிஸ் வாங்கித் திண்டனான். ஒரு சொல்லுக் கேட்டனானா அவனை?

மார்ச் 3, திங்கள்

பொறளைச் சேமக்காலைக் கந்தோர். என் சிங்களம் மீன் வாங்கத்தான் காணும். பொடி பபா, சின்னப் பிள்ளை, டிசம்பர், தகப்பன் பேர் இது என்று கையாலும் வாயாலும் சொன்னேன். அங்கிருந்த மாத்தயா பொறுமையாகப் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். பேரப்பிள்ளையா என்று கேட்டார். ஓம் என்றுவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு பொய் சேர்ந்தது.

பிள்ளையின் இடம் கிடைத்தது. மதிலோரம், சின்னக் குழிகளின் வரிசையில். புல் முளைத்துவிட்டது.

மார்ச் 5, விபூதிப் புதன்

றமேஷ் அரைநாள் லீவு போட்டான். நெற்றியில் சாம்பலோடு இரண்டு பேரும் போனோம். இடத்தைக் காட்டினேன். முழங்காலில் நின்றான். நான் தள்ளிப் போய் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து, இதை நான் லவினாவுக்குச் சொல்லப் போவதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் தம்பி என்றேன். தலையாட்டினான்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றுச் சொல்லிவிட்டானாம். அவள் அவனோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லையாம். போனில் அவன் குரலே வெளியில் வரவில்லை.

ஒரு மாதத்தில் ஒரு குடும்பத்தைப் பிரிச்சாச்சு. ஆறுதல் குழு! செபமாலை எடுத்தேன், முதல் பத்தையே மூன்று தரம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

போகாமல் விட ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. முழங்கால் கூட நோகவில்லை.

லவினாதான் கதவைத் திறந்தாள். "உங்களுக்கும் தெரியுமோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை. ரெண்டு கிழமையாத் தெரியும்."

ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"பெட்டியை மடியில வச்சுக்கொண்டு போனவராம் ரீச்சர். தனிய. மழைக்குள்ள." சுவரில் சாய்ந்து அழுதாள். "நான் என்ர நோவை மட்டும்தான் பாத்தனான்."

நானும்தான். அதை மட்டும் சொன்னேன். அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 15, சனி

மூன்று பேரும் போனோம். றமேஷ் வெள்ளை அடித்த மரச் சிலுவை ஒன்று செய்வித்திருந்தான். 'ஜெசிந்தா' என்று எழுதியிருந்தது. அவன் மண்ணைக் கிண்டினான், லவினா சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். மண்ணை இரண்டு பேரும் கையாலேயே அமத்தினார்கள்.

"ஒரு செபம் சொல்லுங்கோ ரீச்சர்" என்றாள். பஸ்ஸுக்குச் செபம், பரீட்சைக்குச் செபம், தொலைந்த அலுமாரித் திறப்புக்குச் செபம் என்று எல்லாம் வைத்திருக்கிறவள் நான். சிலுவை அடையாளம் போட்டதோடு நின்றுவிட்டேன். லவினாவே கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினாள். றமேஷ் சேர்ந்தான். பாதியில்தான் நான் வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

லவினா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், இப்போதைக்கு அரைநாள். சில நாள் கந்தோர்க் கழிவறையில் அழுகிறாளாம். அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நானும் சாதாரணமாகக் கேட்டேன்.

மே 15, வியாழன்

வட்டிலப்பம் செய்து தூக்கிக்கொண்டு போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுப் பைறோஸா கதவைத் திறந்து, இரண்டு பேரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றார். எனக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. வியாழக்கிழமை நான் வருவது தெரியாதா? மூன்று மாதமாக வருகிறேனே. படி இறங்கும் வரைக்கும் அந்தக் கோபம் இருந்தது. வட்டிலப்பத்தைப் பைறோஸாவிடமே கொடுத்துவிட்டேன்.

பஸ் கொஞ்சத் தூரம் போனதும் அவர்களைக் கண்டேன். நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்கள். லவினாவின் கையில் செருப்பு, காலெல்லாம் மணல். றமேஷ் ஏதோ சொல்ல, அவள் அவன் தோளில் அடித்தாள். யன்னலால் கையைப் போட்டுக் கூப்பிடப் பாதி எழும்பிவிட்டேன். இறங்கப் போகிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் மணியில் கை வைத்தான்.

இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் சீற்றில் இருந்துகொண்டேன்.