இன்ஜினில் உப்பு

1966 ஆகஸ்ட், ஞாயிறு இரவு.

எங்கள் தீவின் மீன் வியாபாரி சூசை விற்கும் மோட்டார் சைக்கிளைச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். “ஏக்தம் புதுசு சார். மெட்ராஸ்ல மாத்திக் கட்டுன இன்ஜின், போன கப்பல்ல வந்துச்சு,” என்றான். ஓட்டிப் பார்த்தேன், குறையே இல்லை. இறங்கும்போதுதான் இன்ஜின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

“கப்பல் டெக்குல வந்த வண்டில்ல சார், கடல் தண்ணி அடிச்சிருக்கும்,” என்றான், நான் கேட்பதற்கு முன்பே.

கமலாவிடம் சொன்னேன். “உங்களுக்கு எதுலதான் சந்தேகமில்ல?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். பின்சீட்டில் உட்காரப் புதுப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

தினமும் விடியற்காலையில் சூசையின் மோட்டார் படகுச் சத்தத்தில்தான் விழிப்போம். இந்த வாரம் முழுக்க எங்களை எழுப்பியது சேவல்.

நாளைக்கு அந்தப் படகுச் சத்தம் கேட்டால் வண்டியை வாங்கிவிடுவேன்.