சுவரில் மாட்டிய மரவை

பெரியமேடு, சென்னை
12-3-1961

என் மங்கம்மாளுக்கு,

ஜோஹராவின் சலாம். அல்லாவின் கிருபையில் நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். மலையில் நீங்களும் சுகம் என்று உன் கோணல் எழுத்தில் படித்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். தோல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் உட்காருவதற்கென்று பெரிய கூடம் கட்டியிருக்கிறார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பீரோ, மாமியாருடைய பீங்கான் சாமான்கள். எதிர்ச் சுவர் காலி. "அதை நீ பார்த்துக்கொள்" என்று அவர் எனக்கே விட்டுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கென்று கிடைத்தது இந்தச் சுவர்தான்.

அதில் புதூர்நாட்டைக் கொண்டுவந்து வைக்க ஆசை. உங்கள் பக்கத்தில் மரத்தைக் குடைந்து செய்கிற மரவைகள், மூங்கில் கூடை, முறம் எல்லாம் வேண்டும். புதிதாகச் செய்தது வேண்டாம். கைபட்டு வழவழப்பான பழசு வேண்டும்.

புளி வியாபாரத்துக்கு வருஷா வருஷம் எங்களையும் மலைக்கு அழைத்துவரும் அத்தாவுக்குக் காய்ச்சல் கண்டு நாங்கள் கார்த்திகை வரை மலையிலேயே தங்கிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? உன் மாமா வீட்டில் புதுச் சாமையில் பால்சோறு பொங்கி, பெரிய மரவையில் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தின்றோமே. என்னையும் இழுத்து உட்காரவைத்தாய். இப்போது அது உன் புகுந்த வீடுதானே. அந்த மரவை இருந்தால் எனக்குத் தா. என் தம்பி சைபுல்லா புளி ஏற்ற வருவான், அவனிடம் கொடுத்துவிடு.

உன்
ஜோஹரா


புதூர்நாடு
9-4-1961

அன்புள்ள ஜோஹராவுக்கு மங்கம்மாள் எழுதிக்கொண்டது.

நாங்கள் நலம். மாடு கன்று நலம். பலா இந்த வருஷம் கொள்ளாமல் காய்த்திருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஊரார் பட்டணத்துக்காரி என்று உன்னைப் பெருமையாகப் பேசுகிறார்கள், நீ என்னடாவென்றால் பழைய முறம் கேட்கிறாய். ஏதாவது கஷ்டமா என்று பயந்துபோய் சைபுல்லாவைக் கேட்டேன். அவன் சிரித்தான். சுவரில் மாட்டுவதற்காம். குப்பையும் ஒரு நாள் கோபுரம் ஏறும் என்பது என் உப்பு மரவை விஷயத்தில் உண்மையாகிவிட்டது.

நல்லவேளை, நான் திருப்பத்தூர்ச் சந்தையில் அலுமினியம் வாங்கிவிட்டேன். தூக்கச் சுலபம், கழுவச் சுலபம். ஆகவே உப்பு மரவை, ஓரம் கட்டிய முறம், சாணி மெழுகிய விதைக் கூடை எல்லாம் எடுத்துக்கொள். கூடையில் எலி கடித்த இடத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை, உன் மாமியார் பார்க்க வேண்டாம்.

பெரிய மரவையும் அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அவ்வளவாக மனமில்லை. பரண்மேலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு, "புதுச் சாமைக்கு இன்னா பண்ணப் போறியோ" என்றார். ஜோஹராவும் அதில் சாப்பிட்டவள்தானே, கேட்டால் எப்படி இல்லை என்பது என்றேன்.

சீயக்காய் போட்டுத் தேய்க்காதே. வெறும் தண்ணீர் போதும்.

மங்கம்மாள்


பெரியமேடு
2-6-1961

என் மங்கம்மாளுக்கு சலாம்.

நீ இப்போது என் கூடத்தைப் பார்க்க வேண்டும். விதைக் கூடையின் சாணி மெழுகைக் கழுவிவிட்டுக் கவிழ்த்து உள்ளே விளக்குப் போட்டிருக்கிறேன், இரவில் சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நிழல் விழுகிறது. உப்பு மரவையில் மல்லிகை மிதக்கிறது. முறம் இரண்டு பக்கமும், நடுவில் பெரிய மரவை. கண்ணாடி மாட்டுகிற ஆளை வரவழைத்து, ஆடாமல் அசையாமல் மாட்டியாயிற்று.

"இந்தப் பஞ்சத்துச் சாமான் எல்லாம் எதுக்கு?" என்று முகம் சுளித்த மாமியார், ஜெர்மன்காரர் ஒருவர் அதன்முன் நின்று நெடுநேரம் பார்த்த பிறகு, வருகிறவர்களை எல்லாம் தானே அழைத்துப்போய்க் காட்டுகிறார். "எங்க மருமகள் மலையில வளர்ந்தவ" என்கிறார். இந்த வீட்டில் நான் எங்கிருந்து வந்தேன் என்பதை முதல் தடவையாக ஒருவர் சொல்லிக் கேட்டேன், மங்கா.

யாருமில்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி மரவைக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறேன். வெல்லமும் புகையும் வாசம். கண்ணை மூடினால் உங்கள் களத்துமேடு வருகிறது.

எவர்சில்வர் பாத்திரங்கள் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். மறுக்காதே.

ஜோஹரா


புதூர்நாடு
20-11-1961

ஜோஹராவுக்கு,

கொடுத்ததைத் திரும்பக் கேட்க நாக்குக் கூசுகிறது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் மாமனார் இறந்த பிறகு புளிய மரங்களைப் பங்கு போட்டதில் இவருக்கும் இவருடைய அண்ணன் கோபால்சாமிக்கும் பேச்சு நின்றுபோயிற்று. வேறு வேறு அடுப்பு, வேறு வேறு வாசல். எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். உனக்கு எழுத வெட்கப்பட்டு எழுதாமலே இருந்தேன். புதுச் சாமை அன்றைக்கு மட்டும் அண்ணன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பெரிய மரவையைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் தின்றுவிட்டுப் போவார்கள். அந்த ஒரு நாள்தான் இவர் அண்ணனைப் பக்கத்தில் பார்ப்பது. இவர் வருஷமெல்லாம் அதற்குக் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்துவிட்டேன். ஒரு பாத்திரம் போனால் இன்னொன்று என்று நினைத்தேன்.

இந்த வருஷம் அழைக்கப் போனபோது அண்ணன் மனைவி மாணிக்கம்மாள் மரவை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "அது இல்லாத வூட்ல எங்களுக்கு இன்னா வேல?" என்று உள்ளே போய்விட்டாள்.

அறுத்த சாமை களத்தில் கிடக்கிறது. அந்தச் சோறு உண்ணாமல் நாங்கள் யாரும் புதுத் தவசம் தொடுவதில்லை. இவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஒரு நாளைக்கு மரவையைக் கொடு. கழுவித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மங்கம்மாள்


பெரியமேடு
29-11-1961

என் மங்கம்மாளுக்கு,

உன் கஷ்டம் புரிகிறது. இப்போது இங்கே அடைமழை. நனைந்தால் பழைய மரம் வெடித்துவிடும் என்கிறார்கள். அதைவிடப் பெரிய எவர்சில்வர் அடுக்கு ஒன்று சைபுல்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்த வருஷம் இதை வைத்துச் சமாளித்துக்கொள்.

ஜோஹரா


புதூர்நாடு
6-12-1961

ஜோஹராவுக்கு,

அடுக்கு வந்தது. பளபளவென்று நன்றாக இருக்கிறது. நான் கேட்டது அது இல்லை.

நாங்கள் தலைமுறையாக மழையில்தான் இருக்கிறோம். அந்த மரவை ஒன்றும் வெடிக்கவில்லை.

மங்கம்மாள்


பெரியமேடு
11-12-1961

மங்கா,

மழையின் மேல் பழி போட்டேன். கண்ணாடிக்காரன் மரவையின் அடியில் நடு மத்தியில் துளை போட்டு, திருகாணி கொடுத்துத்தான் மாட்டினான். என்னைக் கேட்டுத்தான் போட்டான். "போடுங்கள்" என்று நானேதான் சொன்னேன். இனி அதில் யாரும் எதையும் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் விரல் நுழைகிற துளை.

தச்சரை அழைத்துக் காட்டினேன். ஆப்பு வைத்து அரக்கு ஊற்றலாம் என்றார். இன்னொரு முறை அதில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. இருக்கிறபடியே அனுப்புகிறேன். வீட்டில் அவரிடமும் மாமியாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கழற்றினேன். மாமியாருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அண்ணன் தம்பி உறவை நான் துளைபோட்டுக் கெடுத்ததாக ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. நீ இனி எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜோஹரா


புதூர்நாடு
27-12-1961

ஜோஹராவுக்கு மங்கம்மாள் எழுதிக்கொண்டது.

கோபத்தில் எழுதாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேறு யாரிடம் சொல்வது?

மரவை வந்த சேதி கேட்டு அண்ணன் வீட்டார் வந்தார்கள். மாணிக்கம்மாள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளை வழியாக வானம் தெரிந்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இவர் மெழுகு வைத்து அடைக்கிறேன் என்று எழுந்தார். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாமி கும்பிட்டு, சோற்றைக் கொட்டி, பாலை ஊற்றினேன். அடியில் ஒழுக ஆரம்பித்தது. புதுச் சாமைப் பால் தரையில் விழக் கூடாது என்று உனக்குத் தெரியும். அண்ணன் மரவையைச் சற்றுத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துத் துளையை மூடிக்கொண்டார். பால் இன்னும் ஆறவில்லை. முகம் கோணியது, கையை எடுக்கவில்லை.

இவர் நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எடுண்ணா, நான் புடிக்கிறேன்."

"எடுக்க வேணாம். உன் கையையும் வையி."

இரண்டு பேரும் கைமேல் கை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தின்ன மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாணிக்கம்மாள்தான், "சீக்கிரம் தின்னுங்க, அவங்களுக்குக் கை சுடுது" என்று அதட்டினாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இருவருக்கும் நாங்கள் ஊட்டிவிட்டோம். அழுததும் சிரித்ததும் எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

மரவையைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அனுப்ப முடியாது. அண்ணன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார், அடுத்த வருஷம் சோறு அங்கேதானாம். துளையை யாரும் அடைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

உன் பங்கை இலையில் கட்டி சைபுல்லாவிடம் கொடுக்கச் சொன்னாள் மாணிக்கம்மாள். கொடுக்கவில்லை. கேட்டதை எல்லாம் நான் அனுப்பி அனுப்பித்தான் நீ இந்தப் பக்கமே வராமல் இருந்துவிட்டாய். உன்னைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று கணக்குக்கூட மறந்துவிட்டது, ஜோஹரா. அடுத்த கார்த்திகைக்கு நீயே வா. துளைக்குக் கீழே இன்னொரு கைக்கு இடமிருக்கிறது.

மங்கா