சனிக்கிழமை ஆட்டங்கள்

24 மே 1992, ஞாயிறு

நேற்று லண்டனுக்குப் போய் வந்தோம். இங்கிலாந்து லண்டன் அல்ல. 401 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் வரும் லண்டன்.

வெளிக்கிடும்போது அண்ணா பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்டார்: "பேஸ்போல் பாக்கவோ? ரெண்டு குமர்ப்பிள்ளையளும் காரிலயோ? உங்களுக்கென்ன விசரே?"

விசர்தான். என் சிநேகிதி அன்ரனெற்றின் விசர் எனக்கும் தொற்றிக்கொண்டது. டவுன்ரவுனில் பெரிய ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்த பிறகு கச்சான் கடலைக் கோது கூட்டுவது அவளுடைய பகுதிநேர வேலை. "ஐம்பதாயிரம் பேர் திண்டு துப்பினதைக் கூட்டுறன், ஒரு பந்தைக் கண்ணால கண்டதில்லை," என்பாள். அங்கே ரிக்கற் விலை எங்களுக்குக் கட்டாது. சின்ன ஊர்களில், பெரிய அணிக்குப் போகக் காத்திருக்கும் பையன்கள் ஆடும் மைதானங்களில், இரண்டு கோப்பி விலைக்கு முன்வரிசையில் இருக்கலாம். எங்கள் இருவருக்கும் இன்னும் லாண்டட் பேப்பர், அதாவது நிரந்தர வதிவிடக் கடிதம், வரவில்லை. எனவே எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் உள்ளவைக்குப் போக முடியாது. ஒன்ராறியோவுக்குள் நான்கு ஊர்: லண்டன், ஹமில்ரன், சென் கதரின்ஸ், வெலண்ட். இந்தக் கோடையில் நான்கையும் பார்த்துவிடுவதாகத் திட்டம்.

சனிக்கிழமைகளில் மட்டும். ஞாயிறு அவளுடைய தம்பி ஜஸ்ரினுக்குரியது. பாங்கொக்கில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் ஒருவனின் அறையில் ஆறு மாதமாக இருக்கிறான். ஞாயிறு காலையில் ஏஜென்ற் தன் போனில் இணைத்துக் கொடுப்பான். சாப்பிட்டியோ, குளிக்கிறனியோ, எப்ப அனுப்புறாங்களாம். அவ்வளவுக்குத்தான் நேரம் இருக்கும்.

28 யூன், ஞாயிறு

நேற்று சென் கதரின்ஸ். மரப்பலகை இருக்கைகள், பின்னால் யாரோ வீட்டின் உடுப்புக் கொடி. வெளி மைதானத்தில் நின்ற பையன் லேசான பந்து ஒன்றைக் கோட்டைவிட்டான். அன்ரனெற் எழும்பி நின்று கத்தினாள்: "எடேய், கையில என்ன எண்ணெயே பூசிக்கொண்டு வந்தனீ?" முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். என்ன விளங்கியதோ.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பத்தொன்பது வயசாம், புத்தகத்தில போட்டிருக்கு. ஜஸ்ரின்ர வயசு. தாய் தேப்பன் எங்கையோ, உவன் இங்க ஆரோ ஒராளின்ர வீட்டு அறையில."

உவர்களில் பெரிய அணிக்குப் போவது எத்தனை பேர் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். சொல்லவில்லை.

12 யூலை, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று வெலண்ட். நல்ல ஆட்டம். சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டியது. திரும்பி வந்து அவளுடைய வீட்டில் சாப்பிட இருந்தோம். அருள்மலர் அன்ரி — அன்ரனெற்றின் அம்மா — புட்டைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "பின்னேரம் ஒரு வெள்ளைக்காரி போன் எடுத்தவள். ரெண்டு தரம். கார்பெற்காரராக்கும். நான் நீ சொல்லித் தந்தபடி சொல்லிப்போட்டு வைச்சிட்டன்."

நீ சொல்லித் தந்தபடி. "நோ இங்கிலிஷ், தாங்க்யூ." எங்கள் எல்லா வீடுகளிலும் பெரியவர்களுக்கு முதலில் பழக்குவது அதுதான். கார்பெற் கழுவ, பேப்பர் போட என்று விற்கிறவர்கள் எடுப்பார்கள், எதற்காவது தலையாட்டிவிடுவார்கள் என்ற பயம்.

அன்ரனெற்றின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. "அவள் பேர் ஏதும் சொன்னவளோ அம்மா?"

"ஏதோ கடகடவெண்டு சொன்னவள். இடையில கிர்ரெண்டு ஒரு சத்தம். தூரத்துச் சத்தம் மாதிரி."

கலெக்ட் கோல். காசு இந்தப் பக்கம் கட்டுவது, இங்கே ஓம் என்றால்தான் ஒப்பரேற்றர் இணைப்பாள். அன்ரிக்கு அது தெரியாது. ஏஜென்ற்றின் போன் நேரே வரும், ஒப்பரேற்றர் வந்ததே இல்லை. ஜஸ்ரின் தானாக வெளியே போய் எடுத்திருக்கிறான். ஏன்? ஞாயிறுவரை பொறுக்க முடியாத அளவுக்கு என்ன?

"கார்பெற்காரராத்தான் இருக்கும்," என்றேன் நான். அன்ரனெற் என்னைப் பார்த்த பார்வை.

இன்று முழுநாளும் அவர்கள் வீட்டில் இருந்தேன். போன் அடிக்கவில்லை.

26 யூலை, ஞாயிறு

ஏஜென்ற் கடைசியில் போனில் அகப்பட்டான். "பெடியளை அனுப்பியாச்சு." எங்கே? "அனுப்பியாச்சு, தங்கச்சி. வந்து சேர்ந்தாத் தெரியும்தானே." வைத்துவிட்டான்.

9 ஓகஸ்ட், ஞாயிறு

அன்ரி இப்போது எல்லோருக்கும் "யெஸ்" சொல்கிறார். யார் எடுத்தாலும், என்ன கேட்டாலும். "யெஸ், யெஸ், பிளீஸ்."

வாசலில் இரண்டு ஆங்கிலப் பேப்பர் நாளாந்தம் வந்து விழுகிறது. வெள்ளிக்கிழமை மெஷினோடு இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்களாம், கார்பெற் கழுவ. அது அப்பார்ட்மென்ற்காரரின் கார்பெற், அதைக் கழுவ எங்களுக்கு என்ன உரிமை என்று அன்ரனெற் அவர்களோடு மல்லுக்கட்ட, அன்ரி பின்னால் நின்று, "பாவம், வந்ததுகள், தேத்தண்ணி குடு," என்றாராம்.

சொல்லும்போது அன்ரனெற் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் நிறுத்த வழி தெரியாமல் இருந்தோம்.

23 ஓகஸ்ட், ஞாயிறு

அன்ரியே எங்களைத் துரத்தினார். "போங்கோ, போய் உங்கட பந்தைப் பாருங்கோ. நான் இருக்கிறன் போனடியில." தனியே இருக்க விரும்புகிறார் என்று நினைக்கிறேன். எங்கள் முகங்களை எத்தனை நாளுக்குப் பார்ப்பார்.

ஹமில்ரன். அன்ரனெற் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பார்வை மட்டும் அங்கே இருந்தது. நான் ஏதோ சொன்னேன். மனிதர்கள் இதைவிட எவ்வளவையோ தாங்கியிருக்கிறார்கள் என்பது போல ஒரு வசனம். சொல்லும்போதே அது ஒரு புத்தகத்தின் வசனம் என்று எனக்குத் தெரிந்தது.

"எடி நிலாணி, நீ லைப்ரரியில வேலை செய்யிறனி. இவ்வளவு வாசிச்சிருக்கிறாய். ஒண்டைச் சொல்லு. நான் பழக்கின வசனத்தால என்ர தம்பிக்கு என்ர அம்மா வேண்டாம் எண்டு சொன்னா, அதுக்கு என்ன செய்யிறதெண்டு உன்ர புத்தகம் ஒண்டிலயாவது கிடக்கோ?"

இல்லை என்றேன்.

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு. எழும்பிப் போகாதை. இரு."

இருந்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். அதையாவது சரியாகச் செய்தேனா?

20 செப்ரெம்பர்

போன் இல்லை.

25 ஒக்ரோபர், ஞாயிறு

நேற்று எங்கள் ஊர் அணி பேஸ்போல் உலகத் தொடரை வென்றது. விடியும்வரை ஹோர்ன் சத்தம். காலையில் தெருவெல்லாம் கடதாசிக் கொடிகள்.

அன்ரி பூசைக்குப் போன நேரம் போன் வந்திருக்கிறது. சுவிஸிலிருந்து றொபேட் என்ற பையன். ஜஸ்ரினோடு ஒரே அறையில் இருந்தவன். அன்ரனெற் என்னைக் கூப்பிட்டு, டோனட் கடை வாசலில் காருக்குள் வைத்துச் சொன்னாள். அழவில்லை. ஸ்கோர் வாசிப்பவர்கள் போலச் சொன்னாள்.

இரண்டு வள்ளங்களில் ஏற்றி நடுக்கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்களாம். றொபேட் முதல் வள்ளம். இரண்டாவது கப்பலடிக்கு வரவேயில்லை. நல்ல காற்றாம் அன்று. விடியும்வரை பார்த்துவிட்டுக் கப்பல் வெளிக்கிட்டதாம்.

ஏறுகிற நாள் காலையில் ஜஸ்ரின் போன் எடுக்கப் போயிருக்கிறான். போகவோ, அடுத்த முறைக்கு நிற்கவோ என்று அம்மாவைக் கேட்க. திரும்பி வந்து றொபேட்டிடம் சொன்னானாம்: "வீட்டில வேண்டாமெண்டிட்டினமடா. என்ன கோவமோ தெரியேலை. நான் வாறன் உங்களோடயே."

"வள்ளத்தை மட்டும் அம்மாவுக்குச் சொல்லுவன்," என்றாள் அன்ரனெற். "வேற இடத்துக்கு ஒதுங்கியிருக்கலாமாம் எண்டும் சொல்லுவன். போனை மட்டும் சொல்லமாட்டன். அது கார்பெற்காரர்தான். விளங்குதோ? நீயும் சத்தியம் பண்ணு."

நான் சைவக்காரி. அவளுடைய செபமாலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன்.

2 நவம்பர், திங்கள்

மரித்தோர் திருநாள். பெயர் வாசிக்க ஜஸ்ரினுடையதையும் கொடுக்கலாமே என்று பாதர் மெல்லக் கேட்டாராம். அன்ரி மறுத்துவிட்டார். பயணக்காரருக்கான பூசைக்குக் கொடுத்திருக்கிறார்.

15 மார்ச் 1993

லாண்டட் பேப்பர் வந்தது, எனக்கும் அவளுக்கும் ஒரே வாரத்தில். இனிப் பாலத்தைத் தாண்டலாம். கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

27 யூன் 1993, ஞாயிறு

சென் கதரின்ஸ். மூன்று பேர் போனோம்.

"அம்மா தானாத்தான் கேட்டவா, நானும் வரட்டோ எண்டு," என்றாள் அன்ரனெற், கார்க் கதவைத் திறந்துகொண்டே. முகம் மலர்ந்திருந்தது. ஹமில்ரன் பாலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது: இன்று ஞாயிறு. வீட்டில் போனடியில் ஒருவரும் இல்லை.

அன்ரி சேலைக்கு மேல் கார்டிகன் போட்டு, குடையும் பிடித்து இருந்தார். பின்னாலிருந்தவர்கள் மறைக்கிறது என்றதும் சிரித்து மடக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "உதுகள் ஓடுறதைவிட நிக்கிறதுதானே கூட." அன்ரனெற் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு உருளைக்கிழங்கு பிரைஸ் வாங்கப் போனாள்.

அவள் படியிறங்கும்வரை அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "பிள்ளை, அவன் என்னோட கோவத்தோடதான் ஏறினவனோ?"

அன்ரனெற் வருகிறாளா என்று படிப்பக்கம் பார்த்தேன்.

"றொபேட்டின்ர தாய் நத்தார் பண்டிகைக்குப் போன் எடுத்தவா. எனக்குத் தெரியுமெண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டா." குடைப்பிடியைத் துடைத்தார். "அன்ரனெற்றுக்குச் சொல்லிப்போடாதை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தான் அவள் இப்ப கொஞ்சம் சாப்பிடுறாள்."

கோபம் இல்லை அன்ரி, பயத்தில் இருந்திருப்பான் என்று சொல்ல நினைத்தேன். அது ஆறுதலா? அவருடைய கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிவதற்குள் அன்ரனெற் மூன்று பெட்டியோடு வந்து என் மறுபக்கத்தில் இருந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் ஒரே கதை?"

"வெயிலைப் பற்றித்தான்," என்றார் அன்ரி.

"ஓம்," என்றேன். "சரியான வெயில்."