மகளுக்கு எழுதிய தோல்விகள்

அண்ணை,

முந்தநாள் உங்கள் மகள் ஓகூஸ் நகரிலிருந்து வந்து, ஒரு பிஸ்கற் பேணியை என் மேசையில் வைத்தாள். "சித்தப்பா, நீங்கள் ஒருக்கா வாசிக்கவேணும்" என்றாள். திறந்ததும் பழைய விமானத்தபால் தாளின் மணம். சின்ன வயதில் மன்னாரிலிருந்த அவளுக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள். மேலே கிடந்ததில் ஒரே ஒரு வரியைப் படித்தேன்: "இந்தக் கிழமையும் தோத்துப்போச்சு, மகள். நாலுக்கு ஒண்டு." பேணியை மூடிவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கடிதங்களை எழுதிய காலத்தில் பிரெடெரிசியா நகரில் நாமிருவரும் ஒரே அறையில் இருந்தோம். உங்களுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. எனக்குக் கொஞ்சம் டெனிஷ் மொழி வந்ததால், நம்மவர்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்களை வாசித்துச் சொல்வேன். மனைவியையும் மகளையும் கூப்பிட நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். சட்டப்படி எல்லாம் சரி. ஆறு மாதத்தில் வருவார்கள் என்று நம்பினோம்.

சுவிஸிலிருந்த உங்கள் மைத்துனர், மகளுக்கு ஒரு கால்பந்துக் கழகத்தின் படத்தை அனுப்பியிருந்தார். கோல் காப்பவர் சிரித்துக்கொண்டு நின்றாராம். அதனால் அதுவே தன்னுடைய ரீம் என்று ஆறு வயதுக்காரி முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் எழுத வேண்டும் என்று உங்களுக்குக் கட்டளையும் வந்தது.

மன்னார்க் கடற்கரையில் பந்தடித்து வளர்ந்த உங்களுக்குக் கால்பந்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிவுகளைச் சொல்லும் வானொலியின் ஜெர்மன்தான் தெரியாது. எண்களை மட்டும் பாடமாக்கிக்கொண்டு, சனிக்கிழமை பின்னேரங்களில் இரைச்சலுக்குள் சுவிஸ் வானொலியைத் தேடுவீர்கள். பன்னிரண்டு கழகங்களையும் கட்டம் போட்டு எழுதுவீர்கள். மகளின் கழகம் எப்போதும் அடிக்கட்டத்தில்தான். குளிர்காலம் வந்தபோது முதல் எட்டுக் கழகங்கள் கிண்ணத்துக்கான சுற்றுக்குப் போயின. அவளுடையது, இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பப் போராடும் கூட்டத்தில் விழுந்தது.

"அண்ணை, ஒருக்கா வெண்டதெண்டு எழுதுங்கோவன். சின்னப்பிள்ளைக்கு எங்கை தெரியப்போகுது?" என்றேன்.

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "இதிலை பொய் சொன்னா, அப்பா கூப்பிடுவன் எண்டு எழுதிறதையும் பொய்யெண்டு நினைப்பாளடா."

அந்தக் கிழமைதான் நான் விண்ணப்பம் பற்றிக் கேட்கக் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையிலிருந்த பெண் குரலைத் தாழ்த்தி, தமிழருடைய கோப்புகளை இப்போது ஒருவரும் தொடுவதில்லை என்றாள். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். "என்னவாம்?" என்றீர்கள்.

"பாத்துக்கொண்டிருக்கினமாம். கெதியிலை வருமாம்" என்றேன்.

"ஓம், நல்லது" என்று தேத்தண்ணி வைக்கப் போனீர்கள்.

ஆனி மாதத்தில் மகளின் கழகம் இறங்கியே விட்டது. மூன்று நாள் உங்களால் எழுத முடியவில்லை. நாலாம் நாள் எழுதினீர்கள். போர் நேரத்துத் தபால், பதில் வரச் சுணங்கியது. வந்தபோது எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்: "அப்பா, கீழை இறங்கினாலும் விளையாடுவினம்தானே? எழுதுறதை விட்டிடாதேங்கோ." அன்று மட்டும்தான் உங்கள் குரல் உடைந்து கேட்டேன். அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் பிரிவு முடிவுகளைத் தேடி மறுபடியும் வானொலிக்கு முன்னால் இருந்தீர்கள்.

ஒருவழியாக அனுமதி வந்தது. ரயிலால் இறங்கிய பிள்ளைக்கு உங்கள் முகம் ஞாபகமில்லை. தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று, "இப்ப எத்தினையாம் இடம்?" என்றாள். "ஆறாம் இடம்" என்றீர்கள். உடனே வந்து கையைப் பிடித்தாள். அண்ணை, அப்படியொரு நம்பிக்கையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மேலிடத்து உத்தரவில்தான் நம்முடைய கோப்புகளை முடக்கி வைத்தார்கள் என்று பிறகு வெளியே வந்தது. அந்த விவகாரத்தில் அரசாங்கமே பதவி விலகிய நாளில் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, அந்தத் தொலைபேசிக் கதையைச் சொன்னேன். அழுதேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றீர்கள். "நீ என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயும் பயந்துபோய் நிண்டாய். ஆனா இனி ஒருத்தருக்கும் அப்பிடிச் செய்யாதை. தெரிஞ்சாத்தான் மனிசன் காத்திருக்கலாம். தெரியாட்டி வெறுமனே கிடக்கிறதுதான்."

போன வருடம் கோல்டிங் வைத்தியசாலையில் டொக்டர் வந்தபோது மகளை வெளியே அனுப்பினீர்கள். அவள் தாதி. அவளே எல்லாம் சொல்லியிருப்பாள். "அவளின்ரை வாயாலை வேண்டாம்" என்றீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் டெனிஷ் பேசியவர், என்னைக் கிட்ட இருத்தி, "டெனிஷிலை கேட்டா வேறை ஆருக்கோ வந்த வருத்தம் மாதிரிக் கிடக்கு. தமிழிலை சொல்லு" என்றீர்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். "மூண்டு கிழமை, அண்ணை. அதுக்கு மேலை இல்லையாம்."

என் கையைத் தட்டினீர்கள். "சரியாச் சொன்னாய்" என்றுவிட்டு, மகளைக் கூப்பிடச் சொன்னீர்கள். அந்த மூன்று கிழமையில் பேச வேண்டியவர்கள் எல்லோரோடும் பேசி முடித்தீர்கள்.

இப்போதும் வைத்தியசாலையிலும் கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்திலும் நம்மவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். சில வேளைகளில், நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடலாமோ என்று தோன்றுகிறது. அப்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்கிறேன்.